அம்சம் சின்னம்மா விட்டுவைத்த இடம்

அம்சம் சின்னம்மாவுக்கு நன்றி சொல்ல ஒரே ஒருமுறை முயன்றிருக்கிறேன். அவர் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல நினைத்ததை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நன்றியா? அதெல்லாம் மாலையைப் போட்டுக்கிட்டு மேடையில பேசுறவங்க சொல்றது. நீ நாளைக்கு நாத்தை நல்லா அலசிக் கட்டு. வேர்ல பாதி வயலு மண்ணு வருது."

அவ்வளவுதான். ஆகையால் எழுதுகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு ஒரு தைரியம்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எட்டு மைலில் இருக்கிறது ஆலத்துடையான்குடி. அதன் தெற்குத்தெருவில் நாற்பது வீடு. நாற்பதும் அடுத்தவர் நிலத்தில் இறங்கி வேலை செய்கிற வீடு. ஆண்கள் நாற்றைப் பறித்து, வேரில் மண் போக அலசி, முடி முடியாகக் கட்டி வயலில் வீசுவோம். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். அந்த வரிசையைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அம்சம் சின்னம்மா. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. தெருவில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு முறையில் அவர் சின்னம்மாதான். குள்ளம். மூன்று வயல் தள்ளி நின்று கூப்பிட்டாலும் காதருகில் அதட்டுவது போலக் கேட்கும் குரல். வரிசையின் வலது ஓரத்தில் நிற்பார். ஓரத்தில் நிற்கிறவளின் கை போகிற வேகத்தில்தான் மற்ற முப்பது பேரின் கையும் போகும்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டன. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா சொன்னது. பதினாறாம் நாள் காரியம் கழித்து வேலைக்கு வந்தவரை, அந்தக் காலத்தில் வரிசை கூட்டியவள் நடுவில் நிறுத்தினாளாம். துக்கப்பட்டவளை ஓரத்தில் விடக் கூடாது, நடுவில்தான் நிறுத்த வேண்டும் என்பது தெற்குத்தெரு வழக்கம். இரண்டு பக்கமும் கை வேகமுள்ள பெண்களாகப் பார்த்து நிறுத்துவார்கள். நடுவில் நிற்பவளின் கை நின்றுபோனால் அந்த இருவரும் அவள் பங்கில் கொஞ்சம் நட்டுக்கொடுப்பார்கள். ஒருத்திக்கு எட்டுகிற அகலம் அவள் பங்கு. வரப்பில் நிற்கிற, நிலக்காரரின் ஏஜெண்டுக்கு எந்த இடம் யார் நட்டது என்று தெரியாது. நட்டு முடித்தால் எல்லாம் ஒரே பச்சை.

இந்த வழக்கத்தால்தான் என் அக்கா ராசம்மாள் பிழைத்தாள். இதே வழக்கத்தால்தான் அவளை நாங்கள் கிட்டத்தட்டத் தொலைக்கவும் இருந்தோம்.

அது 1970. புது ஆட்சி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அறுவடைக் கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது என்று எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வாசித்துக் காட்டினார்கள். "சட்டம் மெட்ராஸ்லேருந்து நடந்தே வருது போல. கால் வலிச்சு எங்கயோ உக்காந்திருக்கு" என்றார் அம்சம் சின்னம்மா. ஊரில் பெரும்பகுதி நிலம் சந்தானகிருஷ்ணன் என்பவருடையது. அவர் மெட்ராஸில் வக்கீலாக இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் ஏஜெண்டு குஞ்சிதபாதம். தை மாதம் அறுவடைக்குச் சட்டப்படி நெல் அளக்கவேண்டும் என்று கேட்டோம். முடியாது என்றார். நாங்கள் அரிவாளைக் கீழே வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் ஒரு லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சிலர் கையில் அரிவாள், சிலர் கையில் தடி.

வரப்பில் நின்றவர்களை அடித்தார்கள். எல்லோரும் தெருவைப் பார்த்து ஓடினோம். அக்காவின் புருஷன் சாமிதுரையும் ஓடிவந்தார், நான் பார்த்தேன். ஆனால் தெருமுனை வரை வந்தவர் தனியாகத் திரும்பி வயலுக்குப் போனார். பின்மண்டையில் ஒரே அடி. திருத்துறைப்பூண்டி போய்ச் சேருவதற்குள் வண்டியிலேயே முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் நான்கு வீடுகள் எரிந்தன. எங்கள் ஆட்கள் ஆறு பேர் ஐந்து மாதம் ஜெயிலில் இருந்தார்கள்.

அவர் ஏன் திரும்பிப் போனார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு கதை வந்து உட்கார்ந்துகொண்டது. வயலோரம் நட்டிருந்த சங்கக் கொடியை விட்டுவர மனசில்லாமல் திரும்பிப் போனார் என்று. சங்கச் செயலாளர் வீரையன் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அதைச் சொன்னார். "ஓடியாந்தது நூறு பேரு! திரும்பிப் போனது ஒருத்தன்! கொடி தனியா நிக்குதேன்னு போனான்!" அவர் பொய் சொல்லவில்லை, அதை நம்பினார். கைதட்டல் எழும்போது முன்வரிசையில் அக்காவை உட்காரவைத்திருப்பார்கள். அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் அழவில்லை. முதலில் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. ஒன்றரை வயசுப் பெண்குழந்தை, பொன்னுத்தாய் என்று பெயர், மடியில் ஏறி விளையாடும். அக்கா சுவர் போல இருப்பாள். ஊட்டினால் சாப்பிடுவாள். கையில் கொடுத்தால் சோறு கையிலேயே காய்ந்துபோகும்.

தெருவே அவளைத் தாங்கியது. இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. ஒருத்தி வந்து தலை சீவிவிடுவாள். ஒருத்தி புடவையை வாங்கிப் போய்த் துவைப்பாள். குழந்தை ஒவ்வொரு வேளை ஒவ்வொரு வீட்டில் சாப்பிட்டது. வீடு எரிந்துபோன நான்கு குடும்பத்திலிருந்தும்கூட அவளுக்குக் கஞ்சி வந்தது. அவள் செய்யவேண்டியது என்று உலகத்தில் ஒரு வேலையும் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

ஆடியில் அம்மா அவளைத் திருவிடைமருதூருக்குக் கூட்டிப் போனார். மனசு கலங்கியவர்களைக் கூட்டிப் போகிற கோயில் அது. கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேற வேண்டும். பிடித்திருப்பது கிழக்கு வாசலிலேயே நின்றுவிடும், திரும்ப அந்த வழியாக வந்தால் மறுபடி ஏறிக்கொள்ளும் என்பார்கள். அம்சம் சின்னம்மாவும் நானும் கூடப் போனோம். மேற்கு வாசலுக்கு வந்த பிறகுதான் என் புது ரப்பர் செருப்பு கிழக்கு வாசலில் கிடப்பது ஞாபகம் வந்தது. வெளியே சுற்றிப் போய் எடுத்து வருகிறேன் என்றேன்.

"அய்யய்யோ, அந்தப் பக்கமே போகாதே. அது அங்கதான் நிக்கும்" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுக்கா. பேயின்னா அதுக்குக் காலு சுடாதா? போட்டுக்கிட்டு நடக்கட்டும்" என்றார் அம்சம் சின்னம்மா.

"கோயில் வாசல்ல பேசுற பேச்சா இது?"

"உள்ளயே வேண்டிக்கிட்டேன்ல, சாமி தப்பா எடுத்துக்க மாட்டாரு."

பஸ்ஸில் வரும்போது என் காதருகில் சொன்னார்: "செருப்பு பேச்சுக்கு ஒங்கக்கா சிரிக்கப் பாத்தா. வாயோரம் அசைஞ்சுது. நீ பாத்தியா?" நான் பார்க்கவில்லை. எதையும் உற்றுப் பார்க்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அன்றைக்கு என் செருப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி. இளவயசு டாக்டர். நாங்கள் மூன்று பேர் பேசப் பேச, அவர் அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டதும் அவளுக்குத் தூக்கம் வந்தது. ஆறு மாதத்தில் முதல் தூக்கம். அவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கிளம்பும்போது, "வேலை இருக்கற வீடா? வேலைக்குப் போகட்டும். தடுக்காதீங்க" என்றார்.

தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. ஆவணி கடைசியில் சாமிதுரையின் அண்ணன் நல்லக்கண்ணு வந்தார். பக்கத்து ஊரில் இருக்கிறார். நல்ல மனிதர். வந்தபோதெல்லாம் குழந்தைக்கு ஏதாவது வாங்கி வருவார். அன்று வெறுங்கையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"கடலோரம் ஒரு எடம் இருக்காம். மனசு கலங்குனவங்கள வச்சுப் பாத்துக்குறாங்களாம். ஓடிராம இருக்கச் சங்கிலி போடுவாங்களாம், மத்தபடி சோறு தண்ணிக்குக் கொறை இல்லையாம். நான் கொண்டுபோயி விடுறேன். புள்ளை என் வீட்டுல வளரட்டும். எத்தனை நாளைக்கு இப்படியே வச்சிருக்க முடியும்?"

அம்மாவும் களைத்துப்போயிருந்தார். சங்கிலி என்ற வார்த்தை அக்காவின் காதில் விழுந்ததா என்று பார்த்தேன். குழந்தை அவள் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது.

அம்சம் சின்னம்மாதான் பேசினார். "நல்லக்கண்ணு, சம்பா நடவு ஆரம்பிக்குது. என்கூட வரிசைக்கு வரட்டும். நடவு முடியிற அன்னிக்கு நீ வா. அப்பவும் இப்படியே இருந்தா நானே ஒன்கூட வந்து பஸ் ஏத்திவிடுறேன்."

"ஒக்காந்த எடத்துலேருந்து எந்திரிக்க மாட்டேங்கறா. இவ நடுவாளா?"

"நிக்கட்டும். நிக்கிறதுக்குத் தெரியும்ல."

நல்லக்கண்ணு ஒத்துக்கொண்டார். பதினெட்டு நாள் நடவு இருந்தது.

புரட்டாசி பிறந்து நடவு தொடங்கியது. அக்காவை நடுவில் நிறுத்தினார்கள். இடது பக்கம் நாகம்மாள், வலது பக்கம் நாகம்மாளின் நாத்தனார். இருவரும் வரிசையிலேயே வேகமான கைகள். கூட்டி வந்து நிறுத்தினால் அக்கா நின்றாள். குனியவைத்தால் குனிந்தாள். வரிசை நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். நடவு மட்டும் நடவில்லை. அவள் பங்கை இரண்டு பக்கத்திலிருந்தும் நட்டு நிரப்பினார்கள். அந்த வருஷம் எல்லோருக்குமே அது கை வந்திருந்தது. தைக்குப் பிறகு, யார் சுணங்கினாலும் ஏஜெண்டு ஆளை நிறுத்துவதற்குச் சாக்குக் கிடைக்கக் கூடாது என்று ஒருத்தி பங்கை ஒருத்தி கண் மூடித் திறப்பதற்குள் நட்டு மூடிவிடுவார்கள். ஜெயிலில் புருஷனை வைத்திருந்த பெண்கள் அப்படித்தான் அந்த வருஷத்தைத் தாண்டினார்கள். அந்தப் பழக்கத்தின் மேல் இப்போது பரிவும் சேர்ந்துகொண்டது. ஒரு சாண் இடம்கூட அக்காவுக்கு முன்னால் வெறுமையாக நிற்கவில்லை.

நானும் அப்படித்தான். நாற்றுமுடி வீசுகிறவன் ஒவ்வொருத்தியின் முதுகுக்குப் பின்னாலும் கை எட்டுகிற தூரத்தில் முடி விழுமாறு வீச வேண்டும். நாகம்மாளுக்குப் பின்னால் நான்கு வீசுவேன். நாத்தனாருக்குப் பின்னால் நான்கு. அக்காவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவளுக்கு எதற்குச் சுமை என்று.

பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கரையேறும்போது அம்சம் சின்னம்மா அக்காவின் கைகளைப் பிடித்துப் பார்த்தார். மற்ற எல்லோருடைய விரலும் சேற்றில் ஊறி வெளுத்து, நகக்கண் வெடித்துக் கிடந்தது. அக்காவின் விரல்கள் சுத்தமாக இருந்தன.

அவர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நாகம்மா, நாமதான்டி தப்புப் பண்ணிட்டோம்."

"என்னா சின்னம்மா?"

"என்னைய நடுவுல நிறுத்துன அன்னிக்கு, அந்தக் கெழவி பாதிதான் நட்டுக் குடுத்தா. மீதிய விட்டுவச்சா. நான் அவளைத் திட்டிக்கிட்டே நட்டேன். நாம இவளுக்குத் திட்டக்கூட ஒண்ணும் வைக்கல. முழுசா எடுத்துக்கிட்டோம். எட்டு மாசமா அவ தலையை நாம சீவுறோம், அவ சோத்தை நாம ஊட்டுறோம், அவ நடவை நாம நடுறோம். அவ எதுக்கு இருக்கணும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், நாளைக்கு ஒங்கக்கா முதுகுக்குப் பின்னால மூணு முடி போடணும். போட்டுட்டு அந்தப் பக்கம் போயிரு. நின்னு பாத்துக்கிட்டிருக்காதே."

மறுநாள் பெரிய வாய்க்காலை ஒட்டிய வயல். மூன்று முடி வீசினேன். அந்தப் பக்கம் போகாமல் நாற்றங்கால் வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசை இறங்கியது. இரண்டு பக்கமும் நட்டுக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் மட்டும் கிடந்தது. அதில் மேகம் தெரிந்தது. வரிசை ஓரடி பின்வாங்கும் நேரம் வந்தது. அம்சம் சின்னம்மா நிமிர்ந்தார்.

"யாரும் காலை எடுக்காதீங்க. ராசம்மா பங்கு இருக்கு."

முப்பது பெண்களும் நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒருவரும் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்.

ஏஜெண்டு குஞ்சிதபாதம் குடையோடு வரப்பில் வந்தார். "என்ன அம்சம், என்ன நிக்கிறீங்க?"

"இடுப்புப் பிடிச்சுக்கிட்டுது அய்யா."

"முப்பது பேருக்குமா?"

"ஒரே தெருவுல்ல, ஒண்ணாத்தான் பிடிக்கும்."

வரிசையில் யாரோ மூக்குக்குள் சிரித்தார்கள். குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை. நடுவில் கிடந்த வெறும் தண்ணீரை அப்போதுதான் பார்த்தார். "அது என்ன, அங்க நடாம கெடக்கு?"

"நடுவாங்க அய்யா."

"எப்ப?"

"நடும்போது."

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நாகம்மாள் காலை உதறினாள். "சின்னம்மா, அட்டை ஏறுது."

"ஏறட்டும். அதுக்கும் வயிறு இருக்குல்ல."

குஞ்சிதபாதத்துக்குக் கோபம் வந்தது. "இதுவும் உங்க சங்கத்து வேலையா? இப்படி நின்னா எனக்கு எப்ப நடவு முடியும்? நாளைக்கே லாரியில ஆளைக் கொண்டாந்து எறக்குனா..."

பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த வார்த்தை வயலுக்கு வந்துவிட்டது. முப்பது முகமும் அவர் பக்கம் திரும்பின. அக்காவுக்காக முழுத் தெருவின் வேலையையும் அம்சம் சின்னம்மா அந்தத் தண்ணீரில் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நாகம்மாள் அந்த இடத்தை நட்டு மூடிவிடலாம். எல்லாம் சரியாகிவிடும். நடவு முடிந்த அன்று நல்லக்கண்ணு வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போவார்.

அம்சம் சின்னம்மா அவரிடம் சத்தம் போடவில்லை. "அய்யா, நீங்க அன்னிக்கு இங்க இருந்தீங்க. இது சாமிதுரை பொஞ்சாதி. கொஞ்சம் நில்லுங்க" என்றார்.

அவர் குடையை மடக்கினார். வெயில் சுள்ளென்று இருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நின்றார். அன்று அவர் அப்படித் திரும்பி நின்றதையும் நான் மறக்கவில்லை.

காற்று தள்ளத் தண்ணீரில் மிதந்துவந்த நாற்றுமுடி ஒன்று அக்காவின் கெண்டைக்காலில் வந்து இடித்தது. மறுபடி இடித்தது. அவள் குனிந்து பார்த்தாள். எடுத்தாள். கட்டை அவிழ்க்க விரலுக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாறு நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றினாள். சரியாக ஊன்றவில்லை. நாற்று கழன்று மேலே மிதந்தது. நாகம்மாளின் கை தன்னையறியாமல் நீண்டது.

"நாகம்மா! கையி!"

நாகம்மாள் கையைச் சுட்டுக்கொண்டவள் போல இழுத்துக்கொண்டாள். அக்கா மிதந்த நாற்றை எடுத்து மறுபடி ஊன்றினாள். நின்றது. இன்னொன்று. இன்னொன்று. எட்டாவதோ ஒன்பதாவதோ நடும்போது அவள் தோள் குலுங்கியது. குனிந்தபடியே பேசினாள். எட்டு மாதமாக மூடிக்கிடந்த தொண்டை. கரகரவென்று, வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"கொடியுமில்ல ஒண்ணுமில்ல. நான்தான் அனுப்புனேன்."

அடுத்த நாற்றை ஊன்றினாள்.

"புள்ளைக்குன்னு வச்சிருந்த கஞ்சி. தூக்குவாளியோட வரப்புல விட்டுட்டு ஓடியாந்துட்டேன். போயி எடுத்துக்கிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். வேணாம் ராசம்மான்னாரு. புள்ள பசிக்கு அழுவுமேன்னு நான்தான் சொன்னேன்."

உன் மேல் தப்பில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அம்சம் சின்னம்மா அதைச் சொல்லவில்லை. தன் இடத்தில் நின்றபடியே கேட்டார்.

"எந்த வாளி? மூடி போட்டதா?"

"மூடி போட்டது. எங்கம்மா சீருக்குக் குடுத்தது."

"கஞ்சி நெறையா இருந்துச்சா?"

"பாதி."

"கெடைச்சுதா அவனுக்கு?"

"விழுந்து கெடந்தப்பவும் கையில பிடிச்சிருந்தாரு. நான் பாத்தேன். மூடி அப்படியே இருந்துச்சு."

அக்கா சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து அழுதாள். அம்சம் சின்னம்மா ஓரத்திலிருந்து வரிசையின் பின்னாலேயே நடந்து வந்து அவள் அருகில் நின்றார். கொஞ்ச நேரம் அழவிட்டார். "புள்ள பசிக்கும்னு போயிருக்கான். எடுத்துக்கிட்டும் இருக்கான். சரி, எந்திரி. இன்னும் ரெண்டு முடி இருக்கு."

வரிசை நகர்ந்தது. மெதுவாகத்தான். அக்காவின் கை போன வேகத்தில் அன்று மற்ற முப்பது பேரின் கையும் போனது. கொஞ்ச தூரம் போனதும் நாகம்மாள், தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் மட்டும் என்னாவாம்? அன்னிக்கு ஓடும்போது எங்க நாத்தனா குறுக்க வந்துட்டா. தள்ளிவிட்டுட்டுத்தான் ஓடுனேன். விழுந்தாளா என்னான்னுகூடத் திரும்பிப் பாக்கல. இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

அக்காவுக்கு வலது பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல! முட்டியில இன்னும் தழும்பு இருக்குடி, பாவி! வெளியூர்க்காரன் தள்ளுனான்னுல்ல போலீஸ்ல எழுதிக் குடுத்தேன்!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. நடுவில் நின்ற அக்காவின் முதுகுக்கு மேலே இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே நட்டார்கள். பிறகு வேறொருத்தி சொன்னாள், மாமியாரை வீட்டுக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடிய கதை. இன்னொருத்தி அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். அன்று அந்த வயலில் தைமாதத்தை அவர்கள் முதல்முறையாகப் பேசினார்கள் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் பேசியதெல்லாம் வேறு.

சாயங்காலம் அம்சம் சின்னம்மா வீரையனைத் தேடிப் போனார். "அடுத்த கூட்டத்துல கொடியை விட்டுரு வீரையா. புள்ளைக்குக் கஞ்சி எடுக்கப் போனான்னு சொல்லு."

"அத எப்படி மேடையில சொல்றது?"

"வாயாலதான்."

வீரையன் நல்லவர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "மொதல்ல நல்லக்கண்ணு காதுல போடணும். அவன் கூடப் பொறந்தவன். நீங்க பேசுறீங்களா?" என்றார்.

"நான் பேசமாட்டேன். அதுவும் அவ பங்குதான்" என்றார் அம்சம் சின்னம்மா.

அடுத்த ஐந்து நாளும் அக்கா நட்டாள். ஒரு நாள் நன்றாக, ஒரு நாள் பாதி. ஒரு நாள் வரிசையில் நின்று வெறுமனே அழுதாள். அன்று நாகம்மாள் பாதியை நட்டாள், மீதியை விட்டுவைத்தாள். மாத்திரையை விடவில்லை. சோற்றைத் தானே அள்ளிச் சாப்பிட்டாள். குழந்தையை மட்டும் தூக்கவில்லை. அது காலைக் கட்டிக்கொண்டால் பேசாமல் நிற்பாள். இனிமேல் கேட்டதற்குப் பதில் சொல்வாள் என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் இன்னும் ஒன்று இருந்தது. நல்லக்கண்ணு வருவார். தம்பியை அனுப்பியது தான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லி அவர் முகம் மாறினால், இவள் இன்னொரு முறை உள்ளே போய்விடுவாளோ என்று அம்மா பயந்தார். சொல்லவே வேண்டாம் என்றார்.

பதினெட்டாம் நாள் பிற்பகல் நல்லக்கண்ணு வந்தார். தோளில் ஒரு பை. அதில் அக்காவுக்கென்று ஒரு போர்வை வாங்கி வைத்திருந்தார். கடலோரம் குளிரும் என்று. அக்கா வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். குழந்தை அவர் மடியில் ஏறிவிட்டிருந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

அவள் குரலைக் கேட்டதுமே அவர் எழுந்திருக்கப் பார்த்தார். குழந்தை மடியில் இருந்ததால் எழ முடியவில்லை. அக்கா முழுவதையும் சொன்னாள். வாளி, கஞ்சி, வேணாம் என்று சாமிதுரை சொன்னது, தான் அனுப்பியது. நடுவில் மூச்சு வாங்கினாள், நிறுத்தவில்லை. அம்மா அடுப்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நல்லக்கண்ணுவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை குழந்தையின் இரண்டு பக்கமும் அசையாமல் இருந்தன.



"கொடியாம், கொடி." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு கூட்டத்துலயும் கேப்பேன். யாரைச் சொல்றாங்கன்னே எனக்குப் புரியாது. அவன் ஊர்வலத்துல கோஷம் போடவே கூச்சப்படுவான். வாயை மட்டும் அசைப்பான், சத்தம் வராது. அவனா கொடிக்குப் போனான்னு இருக்கும். கஞ்சிக்குன்னா போயிருப்பான். அதான் என் தம்பி." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாமிதுரைக்காகச் சேர்ந்து அழுதது அன்றுதான்.

துண்டை எடுத்ததும் அவர் மடியைப் பார்த்தார். வேட்டி நனைந்திருந்தது.

"இந்தா பிடி, நனைச்சுட்டா ஒம் பொண்ணு" என்று குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டாள்.

நல்லக்கண்ணு போர்வையை வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குத் தனியாகப் போனார். அந்த நேரத்தில் அம்சம் சின்னம்மா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நடவு முடிந்த கணக்கில் நெல் சரியாக அளக்கவில்லை என்று ஏஜெண்டு வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"பஸ் கெடைச்சுதா அவனுக்கு?" என்றார். கிடைத்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குஞ்சிதபாதத்தின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சத்தம் போட ஆரம்பித்தார்.